புளிப்பு மண் கேட்கும் புளூபெர்ரி



கேக், ஐஸ்கிரீம் படங்களில் கருநீல நிறத்தில், சுண்டைக்காய் அளவில் ஒரு பழத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் புளூபெர்ரி. அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்களிலேயே இதை வளர்க்கிறார்கள். சீசன் ஆரம்பத்திலேயே பழுக்கிற ரகத்தை வளர்க்கும் முறையைப் படித்தபோது, நம்ம ஊர்க் கடலைக்கொல்லைக்கும் அதில் ஒரு பாடம் இருப்பதைக் கண்டேன்.

ஒரு காலத்தில் இது வெறும் காட்டுச்செடி. தோட்டத்து நல்ல மண்ணில் கொண்டுவந்து வைத்தால் நோஞ்சானாகிவிடும். காரணத்தை விளக்கியவர் பிரெடெரிக் கோவில் என்ற தாவரவியல் அறிஞர். (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்!) இந்தச் செடிக்குப் புளிப்பு மண், அதாவது அமில மண் வேண்டும் என்று 1910-இல் எழுதினார். அதைப் படித்த எலிசபெத் ஒயிட் என்ற பெண்மணி, நியூஜெர்சியில் தன் குடும்ப நிலத்தில் அவரோடு சேர்ந்து பாடுபட்டார். 1916-இல் முதல் விளைச்சல் விற்பனைக்கு வந்தது.

முன்பருவ ரகங்களில் பேர்பெற்றது 'டியூக்'. 1987-இல் வெளியிடப்பட்டது. இது பூப்பது தாமதமாக, பழுப்பது முதலாவதாக. அதில்தான் சூட்சுமம். அங்கே வசந்த காலத்திலும் உறைபனி விழும். விரிந்த பூ மைனஸ் 2 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே கருகிவிடும். டியூக் அந்தப் பனிக்கு ஒதுங்கி நின்று பூத்தும், ஜூன் மாதமே பழம் தந்துவிடுகிறது.

மண்ணின் பி.எச். 4.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். முதலாமாண்டு லேபில் பேப்பரை நனைத்துக் கலர் பார்த்தோமே, அதே பி.எச். தான்! ஒரு எண் இறங்கினால் புளிப்பு 10 மடங்கு கூடும். 6.5-லிருந்து 4.5-க்கு வர 100 மடங்கு. இதற்காக நடுவதற்குப் பல மாதம் முன்பே கந்தகத் தூளை மண்ணில் கலக்கிறார்கள். மண்ணிலுள்ள பாக்டீரியா அதை மெதுவாகக் கந்தக அமிலமாக்கும். வேர் மேலாகவே ஓடுவதால் மரத்தூளால் மூடாக்குப் போடுகிறார்கள். உரம் அம்மோனியம் சல்பேட். சாம்பலும் சுண்ணாம்பும் ஆகவே ஆகாது. முதல் இரண்டு வருடம் பூவைக் கிள்ளிவிட்டால்தான் செடி பலப்படும்.

பி.எச். ஏறினால் என்ன ஆகும்? மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் கரையாது. வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

இதே மஞ்சளை எங்கள் கடலைக்கொல்லையில் பார்த்திருக்கிறேன். "சத்து இல்லப்பா, யூரியா போடணும்" என்று அப்பா இரண்டு முறை கடனுக்கு வாங்கிப் போட்டார். மஞ்சள் போகவில்லை. நான் ஒரு பிடி மண்ணை லேபுக்கு எடுத்து வந்து, ஆசிரியர் அனுமதியோடு சோதித்தேன். பி.எச். 8-க்கு மேல்! சுண்ணாம்பு மண். ஆசிரியர் சொன்னபடி அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்தோம். அடுத்து வந்த கொழுந்து பச்சையாக வந்தது. "பேப்பர்லயே தெரிஞ்சிடுமா?" என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார்.

கடலைக்குப் புளூபெர்ரி அளவு புளிப்பு வேண்டியதில்லை. ஆனால் இரண்டுக்கும் வந்த நோய் ஒன்றுதான்: இரும்பு இருந்தும் எட்டவில்லை. அதை யூரியா தீர்க்காது.

நண்பர்களே, கலர் படத்தைப் பார்த்து டியூக் கன்று வாங்கிவிடாதீர்கள். 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரத்துக்கும் மேல் குளிர் பட்டால்தான் அது ஒழுங்காகக் காய்க்கும். நம்ம சமவெளியில் அது நடக்காது. லீவில் ஊருக்குப் போனால் கொல்லை மண்ணை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நாம் படிப்பது பரீட்சைத் தாளோடு நின்றுவிடக் கூடாது. உரக்கடைக்குப் போகும் முன் மண்ணைக் கேட்போம்!

— இரண்டாம் ஆண்டு, வேதிப் பொறியியல் பட்டயம்