தோல் வெட்டுவதிலும் ஒரு கணக்கு!

சட்டைத் துணி வீணாகாமல் இருக்க, காகித வடிவங்களை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்துப் பார்ப்போம் அல்லவா? ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளிலும் அதே பாடுதான்! துணியாவது சீராக இருக்கும். தோலோ ஒன்றைப்போல் ஒன்று இராது. நடுவே தழும்பு இருக்கும். முதுகுப் பக்கம் உறுதி, வயிற்றுப் பக்கம் தளர்ச்சி. சதுர அடிக் கணக்கில் வாங்கிய தோல். துண்டு வீணானால் காசும் வீண்தானே!

தழும்பை ஒதுக்கி, இழுவை பார்த்து, அதிகத் துண்டுகளை எப்படி அடுக்குவது? கணித வல்லுநர்களையே திணற வைக்கும் கேள்வி இது.

இப்படிப்பட்ட தொழில் கணக்குகளைக் கல்லூரிப் பிள்ளைகளால் போட முடியுமா? பேஷாக முடியும். அமெரிக்காவில் ஹார்வி மட் கல்லூரியின் 'கணித கிளினிக்' 1973-ல் தொடங்கியது. மாணவ மாணவியர் சிறு குழுவாகச் சேர்ந்து, கம்பெனிகள் கொண்டுவரும் நிஜமான சிக்கலை ஒரு கல்வியாண்டு முழுக்க ஆராய்ந்து, தீர்வு சொல்கிறார்கள். நோயாளி வருகிற மாதிரி கணக்கு வருகிறது!

வேலூரில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை; தொழிற்சாலைகளும் பக்கத்திலேயே. ஆம்பூரில் காலணி தைக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். அந்தத் தாய்மாரின் மகள் நாளை அதே தோலுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கலாமே! "பொண்ணுக்கு எதுக்குக் கணக்கு?" என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லுங்கள்.