குடிப்பவரைச் சுற்றி இருப்பவர்களுக்கு

மிதமிஞ்சிய குடி பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு உடனே குடிப்பவரின் ஈரலுக்குப் போய்விடும். ஈரல் முக்கியம்தான். ஆனால் ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவர் தினமும் குடித்தால், மற்ற நான்கு பேர் ஒரு சொட்டும் தொடாமலே அந்தக் குடியைச் சுமக்கிறார்கள். இது அந்த நான்கு பேருக்காக எழுதப்பட்டது.

குடிப்பவர் அல்லாதவருக்கு நேரும் கேட்டைத் தனியாக அளந்து பார்க்கும் வழக்கம் ஆய்வுலகிலேயே பிந்தி வந்ததுதான். அவுஸ்திரேலியாவில் அப்படியொரு பெரிய ஆய்வு 2010இல் வெளியானது. பிறகு உலக சுகாதார ஸ்தாபனம் தாய்லாந்து அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து பல நாடுகளில் அதே கேள்வியைக் கேட்டபோது இலங்கையும் அதில் இருந்தது. தெருவில் தொந்தரவு, வீட்டில் அடி, பிள்ளையைக் கவனிக்க ஆளில்லாமை, பணமில்லாமை என்று கேள்விகள் போயின. கண்டியைச் சுற்றியுள்ள தோட்டத்துப் பெண்களுக்கு இதில் எதுவும் புதுச் செய்தி இல்லை.

பணத்திலிருந்தே தொடங்கலாம். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலை என்று எந்தப் பக்கம் போனாலும், தோட்டச் சம்பளம் பெரும்பாலும் மாதத்தின் பத்தாம் திகதியை ஒட்டி வரும். நாட்கூலி 2021இல் 1000 ரூபா ஆனது, 2024 செப்டெம்பரில் 1350 ரூபா. இரண்டு தடவையும் நீண்ட போராட்டத்துக்குப் பிறகே. அந்தக் கூலியும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலைப் பதிவு, முழுதாக விழுந்தால்தான். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். அப்படி வந்த காசில் அரைப் போத்தல் வாங்கினால் அன்றைய கூலி போய்விடும். அதோடு முடிவதுமில்லை. வெறி தெளியாமல் மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அந்த நாளின் பேரும் இல்லை. அரைப் போத்தல் வீட்டுக்கு இரண்டு நாள் கூலியாகக் கணக்கில் ஏறுவது இப்படித்தான்.

அந்த ஓட்டையை யார் அடைப்பது? பெரும்பாலும் மனைவி. கடைக்கணக்கு, சீட்டுக்காசு, அடகுக்கடையில் தோடு, அதுவும் போதாவிட்டால் நுண்கடன். கடன் அவள் பெயரில் இருக்கும். வாரத் தவணைக்கு ஆள் வந்து நிற்பதும் அவளிடம்தான். முன்பு மனைவியின் சம்பளத்தையும் கணவனே கைநீட்டி வாங்கும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. இப்போது பணம் வங்கிக்குப் போகிற இடங்களில் கேட்க வேண்டிய கேள்வி, அட்டை யார் கையில் இருக்கிறது என்பது. உங்கள் கணக்கின் அட்டையும் இரகசிய எண்ணும் உங்களிடமே இருக்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளைகளுக்கு நேர்வது காசுக் கணக்கில் வராது. குடிக்கிற அப்பா உள்ள வீட்டில் பிள்ளை சாயங்காலம் ஆறு மணியிலிருந்தே காது கொடுத்துக்கொண்டிருக்கும். படிக்கட்டில் கால் விழுகிற சத்தத்தை வைத்தே இன்று எவ்வளவு என்று சொல்லிவிடும். புலமைப்பரிசில் பாடம் அதன் தலையில் ஏறாததற்குக் காரணம் மந்தபுத்தி அல்ல. மூளை வேறு வேலையில் இருக்கிறது. ஆபத்து எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் உடம்பு எப்போதும் தயார் நிலையில் இருக்கும். தூக்கம் குறையும், வயிறு வலிக்கும், சின்னப் பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்கத் தொடங்கும். மூத்த பெண் பிள்ளை பத்து வயதிலேயே இன்னொரு தாயாகி, தம்பியை எழுப்பி, அம்மாவைத் தேற்றி, அப்பாவுக்குச் சோறு போட்டு வைப்பாள். "நல்ல பொறுப்பான பிள்ளை" என்று ஊரே புகழும். அந்தப் புகழ்ச்சியைக் கேட்டால் எனக்குக் கவலைதான் வரும்.

பிள்ளையிடம் மூடி மறைப்பதால் பயனில்லை, அதற்குத்தான் எல்லாம் தெரியுமே. வயதுக்கேற்ற மாதிரி இரண்டு விஷயம் சொன்னால் போதும்: அப்பா குடிப்பது உன்னால் அல்ல, அதை நிறுத்துவதும் உன் வேலை அல்ல. பயமாக இருக்கும் இரவில் எந்த வீட்டுக்கு ஓடலாம் என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். அந்த வீட்டு அக்காவுக்கோ மாமிக்கோ அது தெரிந்திருக்க வேண்டும்.

சுமை அந்த வீட்டோடு நிற்பதுமில்லை. லயம் என்ற வரிசை வீட்டில் ஒரு காம்பராவின் சத்தம் அடுத்த காம்பராவுக்கும் அதற்கடுத்ததற்கும் போகும். குடிப்பவர் ஒருவர், தூங்காதவர்கள் பத்துக் குடும்பம். அதனால்தானோ என்னவோ, குடி என்றாலே தோட்டத்தைக் கைகாட்டும் பழக்கம் கண்டி டவுனில் இருக்கிறது. பெரிய கேட்டும் மதிலும் உள்ள வீட்டில் அதே சத்தம் வெளியே வராது, அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே விலை கூடிய போத்தல். அடிபட்ட பெண் "குளியலறையில் வழுக்கினேன்" என்பாள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருந்தார். நாடு முழுவதுக்குமான கணக்கு அது, லயத்துக்கு மட்டுமானது அல்ல.

மலையகத்தில் சாராயம் தானாக முளைக்கவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராயக் குத்தகை ஆங்கில ஆட்சிக்குப் பெரிய வருமானம். இலங்கையின் பணக்காரக் குடும்பங்கள் பலவற்றின் முதல் சொத்து அந்தக் குத்தகையில் சேர்ந்தது என்பதைக் குமாரி ஜயவர்தன நூலாகவே எழுதியிருக்கிறார். 1912இல் புதிய மதுவரிச் சட்டம் வந்து தவறணைகள் பெருகியபோது நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. பின்னாளில் சுதந்திரப் போராட்டத் தலைவர்களாக அறியப்பட்ட பலர் அந்த மேடையில்தான் முதலில் பேசினார்கள். இன்றும் போயா தினத்தில் மதுக்கடை மூடியிருக்கும். முதல் நாள் வாங்கி வைப்பவர்களும் கசிப்பு என்ற கள்ளச் சாராயத்தைத் தேடிப் போகிறவர்களும் இருக்கவே செய்கிறார்கள். கசிப்பில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மெதனோல் சேர்ந்துவிட்டால் கண்ணே போகும், உயிரும் போகும்.

இன்னொரு வேடிக்கை. பெண்கள் மது வாங்குவதற்கு 1979இல் இட்ட தடையை 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீண்டும் கொண்டுவரச் சொன்னார். கடையில் போத்தல் வாங்கக்கூடாத அதே பெண்தான் வீட்டில் அந்தப் போத்தலுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறாள். அதை யாரும் சட்டமாகப் பேசவில்லை.

"குளிருக்குத்தான் கொஞ்சம்" என்பது மலைநாட்டில் அதிகம் கேட்கிற சமாதானம். மது தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கும். அதனால் சூடு ஏறிய மாதிரி இருக்கும். உண்மையில் உடம்பின் சூடு அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். "வெறியில செஞ்சிட்டாரு" என்பது அடுத்த சமாதானம். வெறி தடையைத் தளர்த்தும், உண்மை. ஆனால் அதே வெறியில் அவர் துரையை அடிப்பதில்லை, தோட்டத் தலைவரை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்துதான் கை ஓங்குகிறார். யாரை அடிக்கலாம் என்று தெரிகிற அளவுக்குப் புத்தி மிச்சமிருக்கிறது.

வீட்டார் நல்லெண்ணத்தில் செய்கிற சில காரியங்கள் ஆபத்தில் முடியும். குடியை மறக்கடிக்கும் என்று விற்கிற தூளைச் சோற்றிலோ தேத்தண்ணியிலோ தெரியாமல் கலந்து கொடுப்பது அவற்றில் ஒன்று. அதில் டைசல்பிராம் போன்ற மருந்து இருந்து, அவர் அதன் மேல் குடித்தால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்து வரலாம். அவர் சம்மதத்தோடு வைத்தியர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. இன்னொன்று, கோயிலில் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்த வைப்பது. வருடக்கணக்காக அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்களைப் பார்த்துப் பிதற்றத் தொடங்கினால் அது பேய் அல்ல, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை. கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் பக்கத்திலேயே இருக்கின்றன.

வேலைக்கு வராத நாளில் "காய்ச்சல்" என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்வது, கடைக் கடனைத் தானே அடைப்பது, விழுந்து கிடந்தவரை விடியுமுன் தூக்கிக் குளிப்பாட்டுவது: இவையெல்லாம் மானத்துக்காகச் செய்வது. செய்தவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் குடியின் விலை குடிப்பவர் கண்ணில் படாமலே போவதற்கு இதுவும் ஒரு காரணம். குளிரில் கிடந்தால் உயிர் போகும் என்பதால் தூக்கித்தான் ஆக வேண்டும். பொய்யையும் கடனையும் நிறுத்தலாம். பேசுவதென்றால் வெறியில் இருக்கும்போது வேண்டாம். காலையில், சுருக்கமாக, நேற்று நடந்ததை மட்டும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: அவர் நிறுத்தும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனோன் என்ற கூட்டமைப்பு அமெரிக்காவில் 1951இல் தொடங்கியது. குடித்தவர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் வீட்டார் வரலாம் என்பது அதன் விதி. இங்கே தொலைபேசியில் அழைக்க எண்கள் உண்டு: மனநல உதவிக்கு 1926, பெண்களுக்கு 1938, பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1929. குடும்ப நல மாதுவிடமோ பிரதேச செயலகத்தின் மகளிர் உத்தியோகத்தரிடமோ நேரிலும் சொல்லலாம்.

அடி விழுந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் நீங்களோ உங்களுக்காகப் பொலிஸாரோ விண்ணப்பிக்கலாம். இடைக்காலக் கட்டளை முதலில், விசாரித்த பிறகு பாதுகாப்புக் கட்டளை. அது 12 மாதம்வரை செல்லும். வார்த்தையாலும் மிரட்டலாலும் தொடர்ந்து வதைப்பதும் இந்தச் சட்டத்துக்குள் வரும். குடிப்பவரைக் கட்டாய ஆலோசனைக்கோ சிகிச்சைக்கோ அனுப்பவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. "ஜெயிலுக்கு அனுப்ப மனசில்ல" என்று தயங்கும் பெண்களுக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை.

பொலிஸ் நிலையத்துக்குத் தனியே போகாமல் மாதர் சங்கத்திலிருந்தோ உறவிலிருந்தோ ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்டிப் பக்கம் பல நிலையங்களில் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். தமிழில் வாக்குமூலம் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லிக் கேளுங்கள். அப்படியும் சிங்களத்தில் எழுதினால், வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை ஒரு துண்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.