பீத்தோவன் வாசிச்ச பியானோ இது இல்லை பாஸ்!

கார் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாலிருந்து கீச்சுக் குரலில் ஒரு ட்யூன் வருமே, கவனிச்சிருக்கீங்களா? எங்க உத்திரமேரூரில் குறுகலான சந்துக்குள் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்த ட்யூனுக்குப் பேர் ‘ஃபூர் எலீஸ்’. எழுதினவர் பீத்தோவன். எழுதின வருஷம் 1810.

இப்ப ஒரு கேள்வி. 1810இல் அது பீத்தோவன் விரலுக்குக் கீழே எப்படி ஒலிச்சிருக்கும்? ‘இதென்ன கேள்வி, பியானோ மாதிரிதான்’ என்று அவசரப்பட்டுச் சொல்லிடாதீங்க. இன்றைக்கு மேடையில் கறுப்பா, பளபளன்னு, யானைக்குட்டி மாதிரி நிற்கிற பியானோ அன்றைக்குப் பிறக்கவே இல்லை!

அன்றைக்கு இருந்தது வேற வாத்தியம். அந்தக் காலத்து அசல் வாத்தியத்திலோ, அதை அளவெடுத்துச் செய்த நகலிலோ ஹேடன், மொசார்ட், பீத்தோவன் இசையை வாசிச்சுப் பதிவு செய்கிற கலைஞர்கள் உலகம் முழுக்க இருக்காங்க. அந்த ரெக்கார்டிங்குகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறதுதான் என் பைத்தியம். சிலர் ஸ்டாம்ப் சேர்ப்பாங்க, சிலர் பழைய காசு சேர்ப்பாங்க. நமக்கு இது.

‘வாத்தியம் மாறினா என்ன, பாட்டு அதேதானே?’ நானும் அப்படித்தான் நினைச்சேன். நம்ம ஊர் நாதஸ்வரத்தை வைத்தே பார்த்துடலாம். இன்று கோயிலிலும் கல்யாணத்திலும் நாம் கேட்கிற நீளமான நாதஸ்வரம் ‘பாரி’ வகை. அதற்கு முன்னால் புழக்கத்தில் இருந்தது ‘திமிரி’. நீளம் குறைவு, சுருதி அதிகம். தெருக்கோடியில் நின்றாலும் காதைத் துளைக்கும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை காலத்தில்தான் பாரி பிரபலமானது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்த வாத்தியம் அதற்குப் பெரிய காரணம். ராகம் அதே தோடிதான். ஆனால் திமிரித் தோடியும் பாரித் தோடியும் ஒன்றா? ஊரில் வயசான மேளக்காரர் யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, ஒரு மணி நேரம் பேசுவார்.

பியானோவுக்கும் இதே கதை. மொசார்ட் வைத்திருந்தது வியன்னாவில் ஆன்டன் வால்டர் என்கிறவர் 1782 வாக்கில் செய்த பியானோ. இந்த வகைக்கு இப்ப ‘ஃபோர்ட்டெபியானோ’ என்று பேர். கட்டைகள் மொத்தம் 61தான். இன்றைய பியானோவில் 88. இன்றைய பியானோவுக்குள்ளே இரும்புச் சட்டம் இருக்கு, கம்பிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுவை 20 டன் வரை போகும். வால்டர் பியானோவில் சட்டம் முழுக்க மரம், கம்பிகள் மெல்லிசு, அடிக்கிற சுத்தியலுக்கு மேல் தோல். இன்றைய சுத்தியலுக்கு மேல் கம்பளித் திண்டு. அதனால் பழைய வாத்தியத்தில் சத்தம் சின்னது, ஆனா ஒவ்வொரு சுரமும் ‘டங்’கென்று தெளிவா எழும்பும், சீக்கிரம் அடங்கிடும். கீழ் ஸ்தாயியில் லேசா ஒரு கரகரப்பும் உண்டு. வீணை கேட்டுப் பழகின காதுக்கு இது அந்நியமா தோணாது. எனக்கென்னவோ பெரிய பியானோவைவிட இதுதான் நெருக்கமா பட்டது.

‘மூன்லைட் சொனாட்டா’ தெரியுமில்லையா? பீத்தோவன் 1801இல் எழுதினது. அதன் முதல் பகுதி முழுக்க, கம்பிகளை அமுக்கி அடக்குகிற கட்டைகளைத் தூக்கியே வைத்து வாசிக்கணும் என்று அவரே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். இன்றைய பியானோவில் அப்படியே செய்தா என்ன ஆகும்? ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்த பத்து சுரம் வந்து ஏறி, எல்லாம் கலந்து குழம்பு ஆயிடும். அதனால் இன்றைய பியானோக்காரர்கள் அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றாமல் பெடலை அடிக்கடி மாற்றிச் சமாளிக்கிறாங்க. பழைய பியானோவில் சுரம் சீக்கிரம் கரைவதால் குழம்பாது; புகை மாதிரி ஒரு மெல்லிய திரை மட்டும் நிற்கும். ஆக, பீத்தோவன் எழுதினது தப்பில்லை. நாமதான் வாத்தியத்தை மாத்திட்டோம்!

வயலின் பக்கமும் இதே மாதிரிதான். அன்றைய கம்பி ஆட்டுக் குடலில் திரித்தது. சுருதியும் கொஞ்சம் தாழ்வு. இன்று மேல்நாட்டில் பொதுவா 440 என்று வைக்கிற சுரத்தை, ஹேடன், மொசார்ட் வாசிக்கிற பழைய வாத்தியக் குழுக்கள் பெரும்பாலும் 430இல் வைக்கிறாங்க. கேட்பதற்கு இரும்பின் பளிச் போய், மனுஷக் குரல் மாதிரி ஒரு சொரசொரப்பு வரும்.

சரி, நான் வாங்கின அடியைச் சொல்றேன். காலேஜ் படிக்கும்போது ஒரு நண்பனின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மொத்தமா அள்ளினேன். ஹேடன் எழுதின குவார்டெட் 68. குவார்டெட் என்றால் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து வாசிக்கிற கச்சேரி. 68ம் என்னிடம் இருக்கு என்று ஹாஸ்டலில் ஒரே பீற்றல். ஒருநாள் ஒரு சீனியர் கேட்டார்: “இது குடல் கம்பியா, இரும்புக் கம்பியா? யார் வாசிச்சது?” திறந்து பார்த்தா ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 02’... அவ்வளவுதான் இருக்கு! அதைவிட அசிங்கம், அதில் நான் முழுசா கேட்டது ஆறோ ஏழோ. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

சிடியோடு ஒரு சின்னப் புத்தகம் வருமே, அதன் அருமை அப்பதான் புரிஞ்சது. அதில்தான் எந்த வாத்தியம், அசலா நகலா, யார் செய்தது, எந்த வருஷம் என்பதெல்லாம் இருக்கும். இன்று ஆப்பில் எல்லாமே கிடைக்குது, இந்த விவரம்தான் பெரும்பாலும் கிடைக்கிறதில்லை. அதனால் நாமே எழுதணும். எங்க ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்திருப்பீங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வெட்டினது. எந்த ராஜாவின் எத்தனையாவது ஆட்சியாண்டு, அரசன் உத்தரவோடு வந்து சபையில் உட்கார்ந்தவர் யார், எழுதினவர் யார் என்று எல்லாமே அதில் இருக்கு. கல்லிலேயே அத்தனையும் வெட்டி வைத்த ஊர்க்காரன், ‘ட்ராக் 01’ என்று வைத்திருந்தேன் பாருங்க!

இப்ப ஒரு 80 பக்க நோட்டுதான் என் கலெக்ஷன். வலது பக்கம் விவரம், இடது பக்கம் கேட்டபோது என்ன தோணுச்சு என்பது. மூன்று தடவை கேட்காத எதுவும் நோட்டில் ஏறாது. வருஷக்கணக்கில் கேட்டும் ஐம்பதைத்தான் தாண்டியிருக்கு, பரவாயில்லை.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? மொசார்ட் பியானோ கான்செர்ட்டோவுக்கு மால்கம் பில்சன். ஜான் எலியட் கார்டினர் குழுவோடு 1980களில் பதிவு செய்த வரிசை, பலருக்கும் இந்த உலகத்துக்குள் நுழைகிற வாசல் அதுதான். பீத்தோவன் சொனாட்டா 32க்கும் ரொனால்ட் பிராட்டிகாம். அவர் வாசிக்கிறது பால் மெக்நல்டி செய்த நகல் வாத்தியங்கள். மொசார்ட் தனிப் பியானோவுக்கு கிறிஸ்டியன் பெசைடன்ஹவுட். ஹேடன் குவார்டெட்டுக்கு குவாட்டுவர் மொசைக், இவங்க விஷயத்தில் எனக்குப் பாரபட்சம் உண்டு, ஒத்துக்கறேன். சிங்கப்பூரில் பிறந்த மெல்வின் டான் இன்னும் ஒரு படி மேலே போனார். 1817 கடைசியில் லண்டன் பிராட்வுட் கம்பெனி பீத்தோவனுக்குப் பரிசா அனுப்பின பியானோ, லிஸ்ட் என்ற இசைமேதை கைக்குப் போய், இப்ப புடாபெஸ்ட் மியூசியத்தில் இருக்கு. அந்த அசல் வாத்தியத்திலேயே வாசிச்சுப் பதிவு செய்துட்டார்!

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், உத்திரமேரூர்க்காரனுக்கு எதுக்கு?’ வீட்டில் பெரியப்பா கேட்ட கேள்வி. ரொம்ப நாள் பதில் தெரியாமல் முழிச்சேன். பதில், முப்பது கிலோமீட்டர் தள்ளி காஞ்சிபுரத்தில் இருந்தது.

முத்துசுவாமி தீட்சிதர் காஞ்சிபுரத்தில் சில வருஷம் தங்கி, உபநிஷத் பிரம்மேந்திரரோடு பழகி, ஏகாம்பரநாதர் மேலும் காமாட்சி மேலும் கீர்த்தனை செய்தவர். அதற்கும் முன்னால், இளம் வயசில், சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தார். மணலி முதலியார் குடும்பம் தீட்சிதர் சகோதரர்களை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கூட்டிப்போய் இங்கிலீஷ் பாண்டு கேட்க வைத்ததாகச் சொல்லுவாங்க. தம்பி பாலுசுவாமி அங்கே பிடித்ததுதான் வயலின். நம்ம சங்கீதத்துக்குள் வயலினைக் கொண்டுவந்தவர் அவர். அண்ணன் அந்த பாண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். அதில் ‘சந்ததம் பாஹிமாம்’ என்பதன் மெட்டு என்ன தெரியுமா? இங்கிலாந்தின் ‘காட் சேவ் தி கிங்’!

ஹேடன் 1790களில் இரண்டு தடவை லண்டன் போனார். அங்கே அதே ‘காட் சேவ் தி கிங்’ பாட்டைக் கேட்டு, ‘எங்க நாட்டு மன்னருக்கும் இப்படி ஒன்று வேணும்’ என்று ஏங்கி, 1797இல் ஆஸ்திரியச் சக்கரவர்த்திக்கு ஒரு பாட்டு அமைத்தார். அந்த மெட்டையே தன் ‘எம்பரர்’ குவார்டெட்டில் வைத்தார். இன்றைய ஜெர்மனியின் தேசிய கீதம் அந்த மெட்டுதான்.

யோசிச்சுப் பாருங்க. ஒரே இங்கிலீஷ் பாட்டு. அங்கே ஹேடன் காதில் விழுந்து சக்கரவர்த்திக்குப் போகுது. இங்கே தீட்சிதர் காதில் விழுந்து அம்பாளுக்குப் போகுது. இரண்டு பேரும் ஒரே காலத்து ஆட்கள். ஷியாமா சாஸ்திரி, பீத்தோவன் இரண்டு பேரும் மறைந்தது ஒரே வருஷம், 1827. இதைச் சொன்னதும் பெரியப்பா ஒண்ணும் பேசலை. காபியைக் குடிச்சிட்டு, “அந்த அம்பாள் பாட்டு இருந்தா போடு” என்றார். அமெரிக்கத் தமிழர் கன்னிகேஸ்வரன் குழந்தைகளைப் பாடவைத்துப் பதிவு செய்த நோட்டுஸ்வரத் தொகுப்பு இருந்தது, போட்டேன்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மொசார்ட் பியானோவின் சுத்தியலுக்கு எந்தத் தோல் என்று வரை அங்கே எழுதி வைத்திருக்காங்க. நம்ம பக்கம்? வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜார்ஜ் டவுன் வீட்டில், மைக் இல்லாமல், சில பேருக்கு மட்டும் வாசிப்பாராம். அசல் அறைக் கச்சேரி! 1930களில் இசைத்தட்டில் பதிவான அவர் வாசிப்பு கொஞ்சம் நமக்குக் கிடைச்சிருக்கு. காண்டாக்ட் மைக் வைத்த வீணையை மட்டுமே கேட்டவங்க ஒருமுறை அதைக் கேளுங்க. எத்தனையோ வீட்டுப் பரணில் தாத்தா காலத்து இசைத்தட்டும், கல்யாண கேசட்டும் கிடக்கு. வாசிச்ச நாதஸ்வரக்காரர் யார், எந்த ஊர், திமிரியா பாரியா? உறையில் ஒரு வரி இருக்காது. கேட்டுச் சொல்ல வீட்டில் பாட்டி இருக்கும்போதே அந்த ஒரு வரியை எழுதிடுங்க. என் நோட்டின் கடைசிப் பத்துப் பக்கம் அதுக்குத்தான் ஒதுக்கியிருக்கேன். இதுவரை நிரம்பினது ஒன்றரைப் பக்கம்.

இன்னைக்கு ராத்திரி காசு செலவில்லாமல் ஆரம்பிக்கணுமா? ஹேடனின் ‘எம்பரர்’ குவார்டெட், ஓபஸ் 76, மூணாவது. அதில் இரண்டாவது பகுதியை மட்டும் தேடுங்க, ஏழெட்டு நிமிஷம்தான். முதலில் இன்றைய வாத்தியத்தில் யார் வாசிச்சதையாவது, பிறகு மொசைக் குழு வாசிச்சதை. மெட்டு முதலில் ஒருமுறை வரும். அப்புறம் இரண்டாவது வயலின், செல்லோ, வயோலா, முதல் வயலின் என்று ஆளுக்கு ஒரு தடவை கைமாறும். மெட்டை ஒரு எழுத்துக்கூட மாத்தமாட்டாங்க, சுத்தி இருக்கிற மூணு பேர்தான் மாறிக்கிட்டே இருப்பாங்க. செல்லோ முறை வரும்போது குடல் கம்பியில் வில் உரசுகிற சத்தம் லேசா கேட்கும். ஹெட்போன் கோளாறு என்று நினைச்சு ஒயரை ஆட்டாதீங்க!