சம்மர் டயரா, ஆல் சீசனா?

'எல்லா சீசனுக்கும் ஆகும்' என்றால் நல்லதுதானே என்று தோன்றும். அந்த சீசன் நம்ம ஊர் சீசன் இல்லை ஸார்!

ஐரோப்பாவில் குளிர் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சம்மர் டயரின் ரப்பர் விறைத்துப் போகும். பிரேக் போட்டால் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது. அதற்காகத்தான் குளிரிலும் இளகியே இருக்கிற ரப்பரில், மெல்லிய கீறல்கள் போட்டு ஆல் சீசன் டயர் செய்கிறார்கள். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து, பனி கிடக்கிற ரோட்டில் ஓட்ட வேண்டுமானால் டயரில் மூன்று சிகர மலையும் பனிப்பூவும் போட்ட முத்திரை இருந்தே ஆகணும்.

சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூட 7 டிகிரியைப் பார்க்க முடியுமா? சித்திரை வெயிலில் தார் கொதிக்கும்போது அந்த இளகின ரப்பர் சீக்கிரம் தேயும்; வண்டி நிற்கிற தூரமும் கூடும். (ஊட்டிக்காரர்கள் கோபிக்க வேண்டாம். ஜனவரியில் உறைபனி பார்க்கிற உங்களுக்குக் கணக்கே வேற!)

"அப்ப ஐப்பசி மழைக்கு?" என்றார், செகண்ட் ஹாண்ட் கார் வாங்கின என் ஆபீஸ் நண்பர்.

"அதுக்கும் சம்மர் டயரே போதும். சம்மர்னா மழைக்கு ஆகாதுன்னு யார் சொன்னது?" என்றேன். தண்ணீரை வெளியே தள்ளுவது டயரின் பள்ளங்கள்தான். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை விடுகிறது. நான் 3-க்கு வந்ததுமே மாற்றிவிடுவேன். மழையில் முன்னால் போகிற பஸ் திடீரென்று நின்றால், சட்டம் வந்து பிரேக் போடாது!

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் இருக்கிற 4 இலக்கத்தையும் படியுங்கள். 1022 என்றால் 2022-ம் வருஷம் 10-வது வாரம் தயாரானது. பழைய சரக்கு என்றால் வேற கேளுங்கள், உள்ளே வைத்திருப்பார்கள்.