துப்பாக்கி முனையில் ஒரு தகடு

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?’ என்பது நம் பழமொழி. துப்பாக்கி சுடும் களத்தில் மட்டும் இதனை அப்படியே ஏற்றுவிடக் கூடாது. குண்டு இலக்கை விட்டு விலகினால், சுட்டவன் கையையும் மூச்சையும் குறை கூறுகிறோம். குழலின் முனையில் நிற்கும் சிறு தகட்டை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதனைத்தான் ஃபோர்சைட் என்கிறோம். அதை நேராக நிறுத்தி ஆணியடித்து இறுக்குவது எவ்வாறு, அதில் இத்தனை கவனம் எதற்கு என்பதை, இயந்திரப் பொறியியல் பயில்பவன் என்ற முறையிலும், தேசிய மாணவர் படையில் துப்பாக்கி ஏந்தியவன் என்ற முறையிலும் இங்கு விளக்க விரும்புகிறேன்.

முதலில் கணக்கு. நம் கண், பேக்சைட்டின் பிளவு, ஃபோர்சைட்டின் நுனி, இலக்கு ஆகிய நான்கும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். ஃபோர்சைட் வலப்புறம் சாய்ந்திருந்தால், அதைப் பிளவின் நடுவுக்குக் கொண்டுவரும்போது குழலின் வாய் இடப்புறம் திரும்பிவிடும். குண்டும் இடப்புறமே போகும். குழலின் நடு அச்சிலிருந்து நுனியின் உயரம் 25 மில்லிமீட்டர் என்றும், இரு சைட்டுகளுக்கும் இடையே அரை மீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சாய்வு ஒரே ஒரு பாகை! நுனி விலகுவது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் 25 மீட்டரில் குண்டு 2 சென்டிமீட்டர் விலகும். 100 மீட்டரில் ஏறக்குறைய 9. 300 மீட்டரில் 26. கண்ணுக்குத் தெரியாத பிழை, களத்தில் பெரும் பிழையாகிவிடுகிறது.

எங்கள் பயிற்சி முகாமில் ஒரு நண்பர் சுட்ட ஐந்து குண்டுகளும் தீப்பெட்டி அளவு இடத்தில் நெருக்கமாக விழுந்தன. ஆனால் அத்தனையும் மையத்துக்கு இடப்புறம். “விசையை வெடுக்கென்று இழுக்கிறாய்” என்று கடிந்துகொண்டார்கள். அணியிலிருந்து அவர் பெயரும் நீங்கியது. பின்னர் அத்துப்பாக்கியை ஆர்மரர் பரிசோதித்தபோது, ஃபோர்சைட் வலப்புறம் சாய்ந்திருந்தது தெரிந்தது. அதற்குள் போட்டி முடிந்துவிட்டது.

சரியான அமைப்புக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் உள்ள இச்சாப்பூரில் 1904-இல் துப்பாக்கித் தொழிற்சாலை ஏற்பட்டது. அங்கு உருவான .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கியில், குழலின் முனையில் ஓர் எஃகுக் கட்டை பொருந்தியிருக்கும். அது சுழலாதபடி ஒரு சாவித் துண்டும், கழலாதபடி குறுக்கே ஓர் ஆணியும் உண்டு. கட்டையின் மேல், அடி அகன்று வாய் குறுகிய காடியில், ஃபோர்சைட் தகடு அமர்ந்திருக்கும். தகடுகள் பல உயரங்களில் வரும். குண்டு தாழ்ந்து விழுந்தால் உயரம் குறைந்த தகடு. மேலே விழுந்தால் உயரம் கூடியது.

சாவித் துண்டு இல்லாத கட்டையைப் பொருத்துவதில்தான் கைத்திறன் வேண்டும். இது உரிய அனுமதி பெற்ற ஆர்மரரின் வேலை. நாம் அறிந்துகொள்வது அறிவுக்காக. துப்பாக்கியில் குண்டு இல்லை என்று உறுதி செய்த பின், உடற்பகுதியோடு பூட்டிய நிலையிலேயே மரத்துண்டு வைத்து வைஸில் பிடிப்பார். உடற்பகுதியின் தட்டையான பரப்பில் ரசமட்டம் வைத்து மட்டம் பார்ப்பார். பின்பு கட்டையைக் குழலில் செருகுவார். அது கையால் தொட்டால் நகரக் கூடாது. மரச்சுத்தியால் தட்டினால் நகர வேண்டும். எதிரே சில மீட்டர் தள்ளித் தூக்குக்குண்டு தொங்கும். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிறாரே, அதேதான்! பிளவு வழியே நோக்கினால் நூலும் தகடும் ஒன்றுக்கொன்று இணையாக, நடுவில் நிற்க வேண்டும்.

இதன் பிறகே துளை. அது குழலின் நடுவே செல்வதன்று. வெளிப்பரப்பின் அடிப்புறத்தை உரசிக்கொண்டு குறுக்கே செல்வது. துளையின் ஒரு பகுதி கட்டையிலும், மறுபகுதி குழலில் ஆழமற்ற பள்ளமாகவும் அமையும். ஆழம் மிகுந்தால் குழலின் சுவர் மெலிந்து சுடுபவனுக்கே ஆபத்தாகும். முதலில் சிறிய துளை; பின்பு கூம்பு ரீமர். ஆணியும் கூம்பு வடிவமே. 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் விட்டம் குறையும். தட்டத் தட்ட இறுகும். சிறிய முனையில் தட்டினால் வெளிவரும்.

சாய்ந்த கட்டையை அப்படியே விட்டுத் தகட்டை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தினால் போதாதா என்று கேட்கலாம். குண்டு மையத்துக்கு வரும், உண்மைதான். ஆனால் தகடு சாய்ந்தே நிற்கும். கண் தன்னையறியாமல் அதை நிமிர்த்தப் பார்க்கும். கை துப்பாக்கியையே சாய்த்துவிடும். தூரம் கூடக் கூட அந்தச் சாய்வு புதிய பிழையை வளர்க்கும்.

ஆணி இறங்கிய பின் திருத்துவது அரிது. இறங்குமுன் இருமுறை பார்ப்பது எளிது. குண்டுகள் சிதறி விழுந்தால் பெரும்பாலும் குறை சுடுபவனிடம். நெருக்கமாக விழுந்து, ஒரே பக்கம் விலகினால், முதலில் சைட்டைப் பாருங்கள். நண்பர்களே, ஓர் இளைஞனைக் கைதேறாதவன் என்று தள்ளுமுன், அவன் கையில் கொடுத்த கருவி நேராக இருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமையன்றோ?