தவிலுக்கு எண் யாது?

நீடாமங்கலம் என்ற மாத்திரத்தில் தவில் வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் நம் நினைவுக்கு வருவார். அவ்வூர்த் தவிலைக் கணிப்பொறியில் ஒலிப்பிக்க விழையும் மாணவர்க்கு முதற்கண் எதிர்ப்படும் இடையூறொன்றைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுவோம்.

வாத்தியங்களும் கணிப்பொறிகளும் தம்முட் பேசிக்கொள்ளுதற்கு 1983ஆம் ஆண்டில் ஏற்பட்ட முறை ‘மிடி’ எனப்படும். அதன் வழியே செல்வது ஒலியன்று, கட்டளையே. எந்தத் தடத்தில், எந்தச் சுரத்தை, எவ்வளவு விசையுடன் ஒலிப்பது என்பதே அக்கட்டளை. 1991இல் வாத்தியங்களுக்கு எண் வகுத்த அட்டவணையில் சிதாரும் ஷெனாயும் இடம்பெற்றன, நாகசுரம் இல்லை. தாளக்கருவிகளுக்குரிய பத்தாந் தடத்தில் பாங்கோவும் காங்கோவும் உண்டு, தவில் இல்லை. அங்கு எவ்வெண்ணை அனுப்பினும் அயல்நாட்டு முழவே அதிரும். இது வருந்தத்தக்கதே, எனினும் வகுத்தோரைக் குறைகூறுவதிற் பயனென்ன?

மூலநிரலை யாவரும் காணவும் திருத்தவும் இடந்தரும் லினக்ஸில் இதற்கு வழியுண்டு. 2003இல் வெளிவந்த அதன் 2.6ஆம் பதிப்பு முதல் ‘ஆல்சா’ என்னும் ஒலிப்பகுதி அதனுள்ளேயே அமைந்துள்ளது. நாம் எழுதும் நிரல் அதில் ஒரு வாயிலைத் திறந்து கட்டளைகளை அனுப்பும். ‘புளூயிட்சிந்த்’ என்னும் இலவச மென்பொருள் மற்றொரு வாயிலில் அவற்றை ஏற்று ஒலியாக்கும். வலந்தலையில் விரற்கூடு படும் ஒலியையும், தொப்பியில் கழி படும் ஒலியையும் தனித்தனியே பதிவுசெய்து, ‘சவுண்டுபாண்ட்’ கோப்பில் ஒவ்வொன்றிற்கும் ஓரெண் கொடுத்தால் தவில் பேசும். மெல்லடியையும் வல்லடியையும் வெவ்வேறாகவே பதிதல் வேண்டும். வல்லடியின் ஓசையைக் குறைத்தால் அது மெல்லடியாகாது. தூரத்தில் அடித்தது போலாகும்.

நாகசுரத்தின் நிலை இன்னுங் கடினம். கமகத்திற்குச் சுருதியை வளைக்கும் கட்டளை உண்டு. இயல்பாக அது மேலுங் கீழும் இரண்டு அரைச்சுரமே செல்லும். அதன் அளவு கம்பியில் 0 முதல் 16383 வரை, நடு 8192. ஆல்சாவிலோ நடு 0. இவ்வேற்றுமையை மறந்தவனது ராகம் தொடக்கத்திலேயே பிறழும். மேலும் அவ்வளைவு தடம் முழுவதையும் பற்றுமாதலின், ஒத்தினை வேறு தடத்தில் வைத்தல் வேண்டும். இல்லையேல் கமகத்தோடு ஆதார சுருதியும் ஆடும். சுரந்தோறும் தனித்தனியே வளைக்கும் மிடியின் இரண்டாம் பதிப்பிற்கு லினக்ஸ் 2023இல் தன் 6.5ஆம் பதிப்பில் இடமளித்தது.