மூளையுறைக் காய்ச்சல்: முதல் எதிரி மாறியது ஏன்?

1980-களில் அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பாக்டீரியா மூளையுறைக் காய்ச்சல் வர முதற்காரணம் ‘ஹிப்’ பாக்டீரியா. அதன் சர்க்கரை மேலுறையை ஒன்றரை வயதுக்குட்பட்ட உடல் சரிவர அடையாளம் காணாது. எனவே 1985-இல் வந்த வெறும் சர்க்கரைத் தடுப்பூசி, நோய் மிகுதியாகத் தாக்கிய கைக்குழந்தைகளுக்கே உதவவில்லை. சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்ததும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் துணைக்கு வந்தன. 1990 முதல் இந்தப் பிணைப்புத் தடுப்பூசியைக் கைக்குழந்தைகளுக்கும் போட்டார்கள், சில ஆண்டுகளில் ஹிப் ஏறக்குறைய மறைந்தது. 1986-இல் பாக்டீரியா மூளையுறைக் காய்ச்சல் கண்டவர்களில் பாதிப்பேர் 15 மாதத்துக்கும் குறைந்தவர்கள். 1995-இல் அந்தப் பாதிப்பேரின் வயது வரம்பு 25 ஆண்டு. ஹிப் மறையச் சுகாதாரம் மேம்பட்டதுதான் காரணம் என்றால், அதே தொண்டையில் வாழும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவும் கூடவே சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை, அதுவே முதலிடத்துக்கு வந்தது. ஒன்றை விரட்டினால் இன்னொன்று வரும் என்ற ஐயத்திலும் உண்மை உண்டு: 2000-இல் ஏழு வகைகளுக்கான நிமோகாக்கஸ் தடுப்பூசி வந்தபின், அதில் இல்லாத 19ஏ வகை பெருகியது. ஆனாலும் குழந்தைகளிடம் மொத்த நோய் முன்பைவிட வெகுவாகக் குறைந்தே இருந்தது. 2010-இல் வந்த 13 வகைத் தடுப்பூசி 19ஏ-வையும் சேர்த்துக்கொண்டது.